தயக்கத்தின் அறிவியல்

கேரளத்தின் இடுக்கி மாவட்டம் நாட்டுக்கு ஈந்த ஓட்ட வீராங்கனைகள் ஒருவர் இருவர் அல்லர். தொடுபுழாவின் ஷைனி வில்சன், கொம்பொடிஞ்ஞாலின் பீனாமோள், 2010ஆம் ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டில் பத்தாயிரம் மீட்டரை 31 நிமிடம் 50.47 நொடியில் ஓடிப் பொன் வென்ற பிரீஜா ஸ்ரீதரன் என அவ்வரிசை நீளும். பாலக்காடும் சளைத்ததன்று. முண்டூரில் உழவுக் கூலி வேலை செய்த பெற்றோரின் மகளான பி.யூ. சித்ரா 2017இல் புவனேசுவரத்தில் 1500 மீட்டரில் ஆசியாவை வென்றார். அதே கேரளத்தில் வளர்ந்தோருள் 25.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது என்று 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. தமிழ்நாட்டில் அது 14.4.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் முதல் தேவிகுளம், உடும்பன்சோலை வரை எல்லையோரம் வாழும் தமிழரும் இக்கணக்குக்குப் புறம்பானவர் அல்லர். மருத்துவர் நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கச் சொல்கிறார். தலையாட்டிவிட்டு வருகிறோம். ‘திங்கட்கிழமை முதல் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறோம். எத்தனையோ திங்கட்கிழமைகள் வந்து போகின்றன. இதைச் சோம்பல் என்று ஏசுவது நம் வழக்கம். ஏசியதால் எழுந்து நடந்தவரை நான் கண்டதில்லை.

தேவையின்றி உடலை வருத்திக்கொள்ள மறுப்பது மனிதனின் தொல்லியல்பு என்கிறார் ஆர்வர்டுப் பல்கலைக்கழகப் படிமலர்ச்சி அறிஞர் டேனியல் லீபர்மன். கிழங்கு அகழ்ந்தும் விலங்கு துரத்தியும் உண்ட முன்னோனுக்கு ஆற்றல் அரிய பொருள். இரை இருந்தால் ஓடினான், இல்லையேல் அமர்ந்தான். வெறுமனே ஓடியவன் பஞ்சக் காலத்தில் முதலில் மடிந்திருப்பான். நாற்காலியைக் கண்டதும் நம் உள்ளம் குளிர்வதற்கு அந்தப் பழங்கணக்கே காரணம்.

களைப்பு தசையில் மட்டும் பிறப்பதில்லை என்பதையும் இங்குச் சேர்த்து எண்ண வேண்டும். இத்தாலியின் தூரின் நகர உடலியலாளர் ஆஞ்செலோ மோசோ, நாள் முழுவதும் வாய்மொழித் தேர்வு நடத்திய பேராசிரியரின் விரல்தசை வலுவிழந்திருந்ததை அளந்து காட்டி, 1891இல் களைப்பைப் பற்றித் தனி நூலே எழுதினார். 2009இல் சாமுவேல் மார்க்கோராவும் அவர் குழுவினரும் 16 பேரைத் தொண்ணூறு நிமிடம் மூளைக்குக் கடும் வேலை தந்து பின் மிதிவண்டி மிதிக்கச் செய்தனர். மற்றொரு நாளில் மூளையை ஓய்வாக விட்டு மிதிக்கச் செய்தனர். ஓய்ந்த மூளையோடு சராசரி 754 நொடி தாங்கியவர்கள், களைத்த மூளையோடு 640 நொடியில் நின்றுவிட்டனர். நெஞ்சத் துடிப்பு, குருதியோட்டம் முதலியவற்றில் இதற்கு விளக்கம் கிட்டவில்லை. மிதிப்பது கடினம் என்ற உணர்வு மட்டும் முன்னதாகவே உச்சத்தைத் தொட்டிருந்தது. பாலக்காட்டுச் சித்தூர் வட்ட அலுவலகத்தில் நாளெல்லாம் கோப்பு பார்த்தவர் மாலையில் ‘உடம்பு அசந்துவிட்டது’ என்பது பொய்யன்று. ஆனால் அசந்தது பெரும்பாலும் மூளை. கால்கள் புதியனவாகவே இருக்கின்றன.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்திலோ நிலைமை வேறு. கத்திரியால் கொழுந்து வெட்டி, சாக்கில் அடைத்து, சரிவில் ஏறியிறங்கி எடை போடும் இடத்துக்குச் சுமந்துவரும் பெண்ணிடம் ‘உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்றால், ‘மலைதான் நாள்தோறும் ஏறுகிறோமே!’ என்பார். அது நியாயமான விடை. அமெரிக்காவில் ஆலியா கிரம், எல்லன் லாங்கர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் விடுதி அறைகளைத் தூய்மை செய்யும் 84 பெண்கள் பங்கேற்றனர். அவருள் ஒரு பகுதியினரிடம் அவர்கள் செய்யும் வேலையே நல்ல உடற்பயிற்சி என விளக்கினர். நான்கு வாரத்தில் அப்பெண்களின் எடையும் குருதி அழுத்தமும் சற்றுக் குறைந்தன. எண்ணமே உடலை மாற்றியதா, எண்ணம் மாறியதால் அவர்கள் தம்மை அறியாமல் விரைந்து இயங்கினரா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆயினும் தன் உழைப்பை இழிவாக எண்ணாத மனம் நலத்துக்கு ஏற்றது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

இடர் தொடங்குவது பணி ஓய்வுக்குப் பின். லயம் எனும் தோட்டக் குடியிருப்பை விட்டுக் கீழிறங்கி மகன் வீட்டுக்கு வரும் தாய், ‘உழைத்தது போதும்’ என்று அமர்கிறார். சோற்றின் அளவு மட்டும் மலையில் இருந்தபடியே தொடர்கிறது. நடை என்பது அவருக்குக் கூலியோடும் மேற்பார்வையாளரின் அதட்டலோடும் பிணைந்த ஒன்று. அதை இன்பமாக எண்ணச் சொல்வதற்கு முன் நாம் சற்றுத் தயங்க வேண்டும். இவ்வகைத் தடையை மருத்துவமனைச் சுவரொட்டிகள் தொட்டதே இல்லை.

அச்சம் இன்னொரு வகை. பாலக்காட்டு நீளந்தாண்டும் வீரர் ஸ்ரீசங்கர் 2023இல் பாங்காக்கில் 8.37 மீட்டர் தாண்டிப் பாரிசு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றவர். 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்காலில் காயம், அறுவை மருத்துவம், ஒலிம்பிக் கைநழுவியது. மறு ஆண்டு அவர் மீண்டும் களமிறங்கினார். காயமுற்ற மூட்டின் மேல் முழு எடையையும் இறக்கத் துணிவது தசையின் வேலை மட்டுமன்று. தாங்கத்தக்க சிறு சுமையில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும்போது, ‘இது உடையாது’ என்பதை மூளை பட்டறிவால் கற்கிறது. நடந்தால் மூட்டு தேயும் என்று அஞ்சி அமர்ந்திருக்கும் நம் வீட்டு முதியவருக்கும் வழி அதுவே. அளவான பயிற்சி மூட்டுத் தேய்மானத்தின் வலியைக் குறைக்கிறது என்பது பலமுறை மெய்ப்பிக்கப்பட்ட செய்தி.

பொதுவான உறுதிமொழிகளால் பயன் சிறிதே. 2002இல் பிரிட்டனில் 248 மாணவரிடை நடந்த ஆய்வில், உடற்பயிற்சியின் நன்மைகளை மட்டும் படித்தவருள் 35 விழுக்காட்டினரே பயிற்சி செய்தனர். எந்நாள், எந்நேரம், எவ்விடம் என்று எழுதிவைத்தவருள் 91 விழுக்காட்டினர் செய்தனர். நேரத்தை முன்பே வரையறுத்துவிட்டால், ‘இப்போது போகலாமா வேண்டாமா’ என்று மனத்தோடு வழக்காட வேண்டியதில்லை. பாலக்காட்டில் இது இன்னும் பொருந்தும். கோடையில் வெயில் 40 பாகையைத் தொடும் ஊரில் ‘நேரம் கிடைக்கும்போது நடப்பேன்’ என்பவர் நடக்கவே போவதில்லை. பழக்கம் வேர்கொள்ள எத்தனை நாள் என்று கேட்பவருக்கு, இலண்டனில் 96 பேரை ஆராய்ந்த பிலிப்பா லாலியின் விடை: 18 முதல் 254 நாள் வரை; நடுமதிப்பு 66. இடையில் ஒருநாள் தவறினால் கேடில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு. ஒருநாள் விட்டதும் ‘எல்லாம் போயிற்று’ என முழுதும் கைவிடுபவர் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

துணை வேண்டும் என்பதில் அறிஞர் பெரும்பாலும் ஒருமித்துள்ளனர்; எவ்வளவு துணை என்பதில்தான் வேறுபாடு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 537 ஆடவருள் கைபேசிக் குறுஞ்செய்தி பெற்றவரில் 18 விழுக்காட்டினரும் பெறாதவரில் 27 விழுக்காட்டினரும் இரண்டாண்டில் நோயுற்றனர். சென்னை ஆசியாடு குடியிருப்பு மக்கள் தம் செலவில் பூங்கா அமைத்த பின், உடற்பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 ஆக உயர்ந்தனர். கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரிடம் நடந்த பெரிய ஆய்வோ அத்துணைத் தெளிவான வெற்றி தரவில்லை. ஊராருள் ஒருவரே வழிகாட்டிய குழுக்களில் 14.9 விழுக்காட்டினரும் மற்றவற்றில் 17.1 விழுக்காட்டினரும் நீரிழிவு அடைந்தனர். புள்ளியியல் அளவுகோலில் அவ்வேறுபாடு தேறவில்லை. ஆயினும் மதுப் பழக்கம் குறைந்தது. நோய் குறையாவிடினும் வாழ்க்கை சற்றுச் செம்மையுற்றது என்பதை நான் சிறிதாக எண்ணமாட்டேன்.

எல்லாத் தடையையும் மனத்தின் மேல் ஏற்றுவதும் தவறு. சின்னக்கானல் பக்கம் அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுசென்றார்கள். ஏனைய யானைகள் அங்கேயே இருக்கின்றன. விடியலில் தோட்டச் சாலையில் தனியே நடக்க அஞ்சும் பெண்ணுக்கு உளவியலாளர் தேவையில்லை. வெயில் ஏறியபின் நாலைந்து பேராக நடப்பதோ, லயத்து முற்றத்திலேயே பயிற்சி செய்வதோ அவருக்குப் பொருந்தும். நடக்கச் சொல்லும் மருத்துவர், எந்த வழியில், எந்நேரம், யாரோடு என்பதையும் கேட்டறிந்து மருந்துச் சீட்டில் எழுதித் தரலாம்.