வாய் திறந்த புலவர்

இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் என் வகுப்பிலே இரண்டொரு கிறிஸ்தவ மாணவரும் இருப்பதுண்டு. நீறணிந்த தோழர் நடுவே அவர்கள் தம் சமயத்தைப்பற்றி வாய் திறப்பதில்லை. 'இரட்சணிய யாத்திரிக'த்தைப்பற்றிப் பேசும் நாளிலும் தலை குனிந்தே இருப்பர். அந்நூலைப் பாடியவரும் ஒரு காலத்தில் அஞ்சி வாளாவிருந்தவரே என்று அவர்கட்குச் சொல்வது என் வழக்கம்.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். கம்பராமாயணம் இளமையிலேயே அவர் நெஞ்சிற் பதிந்துவிட்டது. சாயர்புரம் மிஷன் பாடசாலையில் தமிழாசிரியராய் அமர்ந்தபோது, சம்பளம் மிஷனுடையதாயினும் மனம் அவர்கள் மதத்துக்கு மாறாகவே நின்றது. மெல்ல மெல்ல மனம் இளகிற்று. அப்போது அச்சம் வாயை அடைத்தது. சமயம் மாறியவனுக்கு உறவினர் பந்தியில் இலை விழாத காலம் அது. வீட்டார் கண்ணீரை எவ்வாறு தாங்குவது? 1858இல், சொந்த ஊரிலன்று, சென்னைக்குச் சென்றே அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

அங்கே பேர்சிவல் பாதிரியாரின் 'தினவர்த்தமானி'யில் அவருக்குப் பணி கிடைத்தது. பேர்சிவல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியவரல்லர். நம் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர் அவரே. அப்பணியில் உழைத்த நாவலரோ சைவத்தை ஊரறியப் பிரசங்கித்தார். அந்தத் துணிவு எனக்கு என்றும் வியப்பே.

கிருஷ்ணபிள்ளை தம் மகிழ்ச்சியை வெளியிடக் கண்ட வழி காவியம். உத்தரவின்றிப் பிரசங்கித்தமைக்காகப் பன்னிரண்டு ஆண்டு சிறையிலிருந்த ஆங்கிலேயர் ஜோன் பனியன். அவர் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி, 3,700க்கு மேற்பட்ட விருத்தங்கள் பாடினார். நூல் 1894இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 67. உருவகக் கதை சில இடங்களில் எனக்குச் சலிப்பூட்டுவதுண்டு. ஆயின் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லுமிடத்திலே கம்பனின் ஓசை கரைந்து ஓடுகிறது. இடையிடையே வரும் துதிப்பாடல்களுக்குத் 'தேவாரம்' என்றே பெயரிட்டார். தாய்வீட்டுத் தமிழை உதறிவிட்டு வேறொரு குரலை அவர் இரவல் வாங்கவில்லை. அக்குரலிலேயே பேசலாமென்று கண்டபின் அவருக்கு அடக்க முடியவில்லை போலும்!

சென்ற ஆண்டு, இதைச் சொல்லி முடித்து நூலை விரித்தேன். பின்வாங்கில் இருந்த ஒருவன் எழுந்து, "ஐயா, நான் வாசிக்கட்டுமா?" என்றான். முதற் பாட்டிலே குரல் நடுங்கிற்று. மூன்றாம் பாட்டில் அவன் இராகம் இழுத்துப் பாடவே தொடங்கிவிட்டான். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.