கடற்கரைத் துப்புரவு: எதை எடுப்பது, எதை விடுவது

கோவாவின் கடற்கரைகளை நாடி வரும் உல்லாசப் பிரயாணிகளின் தொகை 2024-ஆம் ஆண்டில் ஒரு கோடியைத் தாண்டியது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அம்மாநிலத்தின் மக்கள் தொகையோ ஏறத்தாழ 14.58 லட்சமேயாகும். பிரயாணிகளின் கூட்டம் மிகுந்திருக்கும் காலம் அக்டோபர் முதல் மே வரையில். அதே காலத்தின் நடுப்பகுதியில், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரையுள்ள மாதங்களில், பங்குனி ஆமை எனத் தமிழ்நாட்டு மீனவர் வழங்கும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி முட்டையிட்டுச் செல்கின்றன. வடக்கே மோர்ஜிம், மாண்ட்ரெம். தெற்கே அகோண்டா, கல்ஜிபாகா ஆகிய நான்கு கரைகள் ஆமைகள் முட்டையிடும் இடங்களென 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் பெயர் குறித்துச் சொல்லப்பட்டுள்ளன. இவ்வாமையினம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றதாகும்.

ஒரே மணற்பரப்பில் ஒரே காலத்தில் உணவுக் கொட்டகைகளும் ஆமைக் குழிகளும் அமைந்திருப்பதால், அங்கே குப்பை வாருவது வெறும் பெருக்கும் வேலையாக இருத்தல் இயலாது. எதை எடுக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதைத் துப்புரவுப் பணியாளர் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

தூய கடற்கரை என்றால் ஒரு துரும்பும் கிடவாத வெண்மணல் என்பது பிரயாணிகள் பலரது எண்ணம். அவர்களை மகிழ்விக்க விரும்பும் விடுதிக்காரரும் விடியுமுன் ஆள் வைத்து மணலைச் சீவிவிடுகின்றனர். மணலை அள்ளிச் சலித்துக் குப்பையைப் பிரிக்கும் இயந்திரங்களை டிராக்டரில் பூட்டி இழுக்கும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. முதற் பிழை இங்கேதான் நேருகிறது.

கடல் பொங்கி வற்றும்போது, அலை ஏறிய எல்லையில் ஒரு நீண்ட வரியாகக் கடற்பாசி, சிப்பி, மரத்துண்டு, சருகு முதலியவற்றை விட்டுச் செல்கிறது. பார்வைக்குக் குப்பையாகத் தோன்றும் இவ்வரி, கரையின் உணவுக் களஞ்சியமாகும். இதன் ஈரமான அடியில் தத்தித் திரியும் சிறு ஓட்டுடலிகள் வாழ்கின்றன. மணலில் வளை தோண்டும் நண்டுகள் இரவில் இங்கு வந்து மேய்கின்றன. இவற்றைத் தேடி உள்ளான் முதலிய கரைப்பறவைகள் வருகின்றன. காற்றில் பறந்து வரும் மணலும் இவ்வரியில் தடைப்பட்டுத் தங்குகிறது. பாசி மட்குவதால் உண்டாகும் சத்தைப் பற்றிக்கொண்டு அடம்புக் கொடியும், இராவணன் மீசை எனப்படும் முட்புல்லும் வேரூன்றுகின்றன. இவ்விரண்டும் பரவியபின் மணல் திரண்டு மேடாகிறது. தென்மேற்குப் பருவக் காற்றின்போது எழும் பேரலைகளிலிருந்து உள்நாட்டு வயல்களையும் கிணறுகளையும் காப்பது அந்த மணல்மேடேயாகும். ஆகவே இயற்கை ஒதுக்கிய பொருள்களை ஒவ்வொரு நாளும் வாரியெடுத்துவிடும் கரையில், சில ஆண்டுகளில் மேடு மெலிந்து போவது வியப்பன்று.

ஆமைகளுக்கு நேரும் தீங்கு இதனினும் விரைவானது. பங்குனி ஆமையின் குழி ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் ஆழமுடையது. அதில் நூறு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட முட்டைகள் இருக்கும். அவை பொரிக்க 45 முதல் 60 நாட்கள் ஆகும். அக்காலத்தில் கனமான சக்கரங்கள் மேலே உருண்டால் மணல் இறுகி, பொரித்த குஞ்சுகள் மேலேறி வர இயலாமற் போகும். எனவே முட்டையிடும் பருவத்தில் இக்கரைகளில் இயந்திரமும் இரும்புவாரியும் வேண்டா. கையால் பொறுக்குவதே போதுமானது; மெதுவான வேலைதான், ஆயினும் வேறு வழியில்லை.

இது விஞ்ஞானிகள் மட்டும் கூறும் கருத்தன்று. 'நீலக்கொடி' என்னும் சர்வதேசச் சான்றிதழ் 2020 அக்டோபரில் பூரி, அந்தமானின் ராதாநகர் உள்ளிட்ட எட்டு இந்தியக் கடற்கரைகளுக்கு முதற்கட்டமாக வழங்கப்பட்டது. அச்சான்றுக்குரிய 33 விதிகளுள் ஒன்று, கடற்பாசியும் இயற்கையான ஒதுக்குப் பொருள்களும் தொல்லை தராதவரை கரையிலேயே விடப்பட வேண்டும் என்று கூறுகிறது. தூய்மைக்கு வழங்கப்படும் சான்றே பாசியை விட்டுவிடச் சொல்வதைக் கள அலுவலர்கள் விடுதிக்காரருக்கு எடுத்துக் காட்டலாம்.

இனி, கட்டாயம் எடுக்க வேண்டியவற்றைக் காண்போம். மட்கும் பொருளெல்லாம் கிடக்கட்டும் என்று எண்ணுதல் தவறு. கடல் ஒதுக்கிய பாசியும் மட்கும், கொட்டகையில் எறிந்த மீன் தலையும் மட்கும். ஆனால் மீன் தலை நாயை வரவழைக்கிறது. உணவு எச்சம் தொடர்ந்து கிடைக்கும் கரையில் நாய்களும் காகங்களும் பெருகிவிடுகின்றன. எச்சம் குறையும் நாளில் நாய்கள் ஆமைக் குழிகளைத் தோண்டுகின்றன. கடலை நோக்கி ஊரும் குஞ்சுகளைக் காகங்கள் கொத்திச் செல்கின்றன. வன இலாகாவினர் குழியைச் சுற்றி வேலியிட்டுக் காவல் வைத்தாலும், பக்கத்துக் கொட்டகையின் சமையற் கழிவுத் தொட்டி திறந்து கிடந்தால் அக்காவலுக்குப் பயன் குறைவே. மூடியுள்ள தொட்டி, ஆமைக் காவலரைப் போலவே இன்றியமையாதது. அதனை அலையோரத்தில் வைப்பதைக் காட்டிலும், பிரயாணிகள் கரையைவிட்டு வெளியேறும் பாதையின் முகப்பில் வைப்பது நல்லது. காற்றும் அலையும் அங்கே எட்டா.

சேர்ந்த குப்பையை மணலில் புதைத்துவிடும் பழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. மேற்குக் கரையில் இதைவிடப் பயனற்ற செயல் வேறில்லை. நல்ல காலநிலையில் அலைகள் மணலைக் கொணர்ந்து கரையை உயர்த்துகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரையில் பருவக்காற்று அலைகள் அதே மணலை அரித்துக் கடலுக்குள் கொண்டு செல்கின்றன. ஏப்ரலில் புதைத்தது ஜூலையில் வெளிப்பட்டு, கடலில் மிதந்து, அடுத்த ஊரின் கரையில் ஒதுங்கும். எரித்தலோ இன்னும் கேடானது. உப்பு படிந்த குப்பையிலும், பி.வி.சி. வகைப் பிளாஸ்டிக்கிலும் குளோரின் இருப்பதால், திறந்த வெளியில் குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையாக்சின் எனப்படும் நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. பருவக்காற்றுக்கு முன்னர்க் கொட்டகைகளைப் பிரித்தெடுக்கும் மே மாத இறுதியே புதைத்தலும் எரித்தலும் மிகுதியாக நிகழக்கூடிய வாரமாதலால், ஆய்வாளரின் வருகை அவ்வாரத்தில் அமைவது பொருத்தமாகும். கீற்று, மூங்கில், கயிறு ஆகியவை மறு பருவத்திற்கு உதவும். பிளாஸ்டிக் விரிப்புகள்தாம் எரிக்கப்படுபவை.

சமையற் கழிவைத் தொலைவுக்கு எடுத்துச் செல்லாமல் ஆங்காங்கே பயன்படுத்துவதே சிக்கனமான முறை. தனித்து நிற்கும் சிற்றூர்க் கரைகளுக்கு மட்குரக் குவியல் ஏற்றது. மீன், இறைச்சி, சோறு ஆகியவற்றில் நைட்ரஜனும் ஈரமும் மிகுதி; அவற்றைத் தனியே குவித்தால் காற்றின்றி அழுகி நாறும். ஆகவே ஒரு பங்கு ஈரக் கழிவுடன் ஏறக்குறைய இரு பங்கு சருகு, தென்னை நார்த்தூள் போன்ற உலர்ந்த பொருளைக் கலந்து, வாரம் ஒருமுறை புரட்டிக் கொடுத்தல் வேண்டும். சவுக்கு இலை மெதுவாகவே மட்குமாதலால் அதை மட்டும் நம்புதல் கூடாது. கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி கசிவதே சரியான ஈரம். குவியல் நன்கு வேலை செய்தால் அதன் உட்பகுதி 55 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும். குவியல் சூடேறாவிடின் காற்றோ ஈரமோ குறைவென்று கொள்ளலாம். அடியில் மணலாயிருப்பின் கசிவு நீர் நேரே கிணற்றூற்றைச் சேருமாகையால், சிமெண்டுத் தளம் அமைப்பது முக்கியம். பெரிய விடுதிகளுக்குச் சாண எரிவாயு முறையைத் தழுவிய கலம் உகந்தது. ஒரு கனமீட்டர் வாயு, சமையலுக்குரிய சிலிண்டர் வாயுவில் ஏறக்குறைய 0.45 கிலோகிராமுக்கு ஈடாகும்.

கூட்டம் மிகுந்த வடகோவாக் கரைகளின் கழிவுக்கென 2016-ஆம் ஆண்டில் சாலிகாவ் என்னுமிடத்தில் ஓர் ஆலை தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 100 டன் கொள்ளளவுடன் தொடங்கிப் பின்னர் 250 டன்னுக்கு விரிவாக்கப்பட்ட இவ்வாலை, ஈரக் கழிவிலிருந்து வாயுவும் அதிலிருந்து மின்சாரமும் எடுக்கிறது. ஆயினும் எத்தகைய ஆலையானாலும் மணலும் கண்ணாடியும் கலந்து வரும் கழிவு அதன் கருவிகளைத் தேய்த்துவிடும். கலந்த குப்பையைப் பின்னர்ப் பிரிப்பது கடினம். கலவாமற் காப்பது எளிது. கேரளத்துக் கோவளத்தில் 2000-ஆம் ஆண்டையொட்டி, குப்பையை எரிக்கும் உலை ஒன்று அமைக்கும் யோசனை எழுந்தபோது, உள்ளூர் மக்களும் ஒரு தன்னார்வ அமைப்பும் அதை எதிர்த்தனர். அதற்கு மாற்றாக அவர்கள் விடுதிகளில் எரிவாயுக் கலம், மகளிர் தயாரிக்கும் காகித, துணிப் பைகள், சிரட்டைப் பொருள்கள் ஆகியவற்றைப் புகுத்தினர். குப்பையின் மூலத்தையே குறைக்க முயன்ற அத்திட்டம் இன்றும் படிக்கத்தக்கது.

கண்ணாடிக் குப்பிகள் தனிச் சங்கடம். உடைந்த சில்லு மணலில் புதைந்தால் எந்தச் சீப்பாலும் முற்றிலும் எடுக்க முடியாது. வெறுங்காலுடன் நடக்கும் மீனவருக்கும், கையுறையின்றி வேலை செய்யும் துப்புரவுப் பணியாளருக்கும் அதுவே காயம். (கையுறையும் காலணியும் கொடாமல் தூய்மையைப் பற்றிப் பேசும் அலுவலகங்கள் முதலில் அவற்றை வாங்குதல் நலம்.) 2001-ஆம் ஆண்டின் சுற்றுலா இடப் பாதுகாப்புச் சட்டத்தைக் கோவா அரசு 2019-இல் திருத்தி, கரையில் குடிப்பதையும் குப்பி உடைப்பதையும் தண்டனைக்குரியதாக்கியது. தண்டனையைவிடப் பலனளிக்கக்கூடியது முன்பணம் பெறும் முறை. நீலகிரி மாவட்டத்தில் 2022-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மதுக்குப்பிக்கும் 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிக் குப்பியைத் திருப்பியவருக்கு அத்தொகை அளிக்கப்பட்டது. குப்பிக்கு விலை இருக்குமாயின், எறிந்தவர் மறந்தாலும் வேறொருவர் அதைப் பொறுக்குவார். கோவாவிலும் இத்தகைய திட்டம் ஒன்று 2024-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

கோவாவில் காணப்படும் இன்னொரு கழிவு, ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கிப் பருவக்காற்றோடு கரை ஒதுங்கும் தார் உருண்டைகள். கப்பல்களும் கடலடி எண்ணெய்க் கிணறுகளும் கடலில் விடும் எண்ணெய் இறுகி இவ்வுருண்டைகளாகிறது. டோனா பாலாவிலுள்ள தேசியக் கடலாராய்ச்சி நிலையத்தார் இவற்றைப் பலகாலம் ஆராய்ந்துள்ளனர். இவற்றைக் கரண்டியால் தனியே எடுத்து மூடிய கலத்தில் சேர்த்தல் வேண்டும். குரக் குவியலிலோ அடுப்பிலோ இடலாகாது. கரையிலுள்ள எவரும் இதற்குக் காரணரல்லர் என்பதால், இதைப் பிரயாணிகளின் கணக்கில் எழுதுவதும் முறையன்று.

கணக்கு என்ற இடத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. கரையில் என்றும் மாறாத இரு அடையாளங்களுக்கிடையே 100 மீட்டர் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை, கடல் வற்றும் வேளையில், மாணவர்களைக் கொண்டு அங்குள்ள பொருள்களை வகைப்படுத்தி எண்ணலாம்: குப்பி, மூடி, பை, சிகரெட்டு முனை, வலைத் துண்டு, செருப்பு என்றவாறு. சிகரெட்டு முனை பஞ்சு போலத் தோன்றினும் அது செல்லுலோஸ் அசிடேட்டு என்னும் பிளாஸ்டிக் வகையாதலால், அதனைப் பிளாஸ்டிக்கிலேயே சேர்க்க வேண்டும். மூடிகள் மிகுந்தும் அவற்றுக்குரிய தண்ணீர்க் குப்பிகள் குறைந்தும் காணப்பட்டால் மாணவர் வியப்படைவர். மூடியின் பிளாஸ்டிக் கடல்நீரைவிட இலேசானது, மிதக்கும். குப்பியின் பிளாஸ்டிக்கோ ஒன்றுக்கு 1.38 என்ற அடர்த்தியுடையது, 1.025 அடர்த்தியுள்ள கடல்நீரில், மூடி கழன்றதும் மூழ்கிவிடும். கரையில் எண்ணப்படுவது கடலுக்குட் சென்றதன் ஒரு பகுதியே என்பதை இச்சிறு சோதனையால், ஒரு வாளி உப்புநீரை வைத்துக்கொண்டே, வகுப்பறையில் விளக்கிவிடலாம். ஓராண்டுக் கணக்கின் ஒரு படியை ஊர்ப் பஞ்சாயத்துக்கும் மற்றொன்றை வன இலாகாவுக்கும் அனுப்பினால், எந்த மாதத்தில் தொட்டிகளைக் கூட்டுவது, எந்தக் கொட்டகையின் அருகே நாய்கள் திரள்கின்றன என்பவற்றை அவர்கள் அதிலிருந்தே தீர்மானித்துக்கொள்வர்.