படுக்கையிலேயே போட்டு வைக்காதீங்க!

பௌர்ணமி வந்தால் எங்கள் திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க ஜனங்கள் திரண்டு வருவார்கள். வயதானவர்கள்கூட செருப்பில்லாமல் கிரிவலம் போவார்கள். அதே ஊரில், பக்கவாதம் வந்தவர்களை "பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று வருஷக்கணக்கில் கட்டிலிலேயே படுக்க வைத்திருக்கும் வீடுகளும் உண்டு.

என் மாமியாருக்கு வலது கை, கால் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது உறவுக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள். இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொன்னதோ நேர்மாறு. அசைக்காமல் விட்டால்தான் மூட்டு இறுகும், தசை மெலியும், படுக்கைப் புண் வரும். பக்கவாதத்தில் பாதிக்கப்படுவது மூளையின் ஒரு பகுதி. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால், நல்லா இருக்கிற பகுதி அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளுமாம். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதனால் டாக்டர் சம்மதித்ததும் பயிற்சியைத் தள்ளிப் போடக் கூடாது.

அவர் சொல்லிக் கொடுத்தவை இவை. 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கணும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிடும். தலையணை வைத்துத் தாங்கணும். முதலில் உட்காருவது, பிறகு நிற்பது, அப்புறம் நடப்பது. விரலுக்குத் தட்டில் புளியங்கொட்டையைப் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குவது, துண்டு மடிப்பது. எதற்கும் பைசா செலவில்லை!

"அத்தை, நீங்களே சாப்பிடுங்க" என்று தட்டை முன்னால் வைத்தபோது, "ஊட்டி விட்டா குறைஞ்சா போயிடுவீங்க அண்ணி?" என்று நாத்தனார் கோபித்துக்கொண்டாள். பாதி சோறு சிந்தத்தான் செய்தது. ஆனால் கை பழகியது. நான்கு மாதம் கழித்து, ராத்திரியில் யாரையும் எழுப்பாமல், தடியை ஊன்றிக்கொண்டு தானே பாத்ரூம் போய் வந்தார் அத்தை. கை இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. ஆனாலும் அதற்குக்கூட மருமகளை எதிர்பார்க்க வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நமக்குத் தெரியாதா?

பக்கத்தில் இருக்கும் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் 1966-ல் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே. முடியாது என்று ஒதுங்காத ஒரு பெண்ணால் எத்தனை பேர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள்!

வெளியே அழைத்துப் போக வசதியில்லையே என்று கவலைப்பட வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீடு தேடி வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வருகிறவர் சொல்லித்தான் கொடுப்பார். தினமும் செய்ய வைப்பது நம் கையில்தான் இருக்கிறது. கெண்டைக்காலில் வீக்கமோ வலியோ இருந்தால் மட்டும் பயிற்சியை நிறுத்தி, உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கி நிறுத்த வீட்டு ஆண்களையும் கூப்பிடுங்கள், சகோதரிகளே. நம் இடுப்பும் நமக்கு வேணுமே!

– ஒரு வாசகி, திருவண்ணாமலை