பனியிலும் துளிர்த்த ரோஜா

கனடாவில் ஒட்டாவா நகரில் இருக்கும் என் மகளின் பிரசவத்துக்காகப் போன வருடம் போயிருந்தேன். "நம்ம வீடு மாதிரி வாசல்ல ஒரு ரோஜா வையேன்டி" என்றேன். "ரெண்டு தடவை வெச்சேன்மா, பனியில கருகிப் போச்சு. இந்த ஊர்ல எனக்கு எதுவுமே ஒட்டல" என்று கண் கலங்கினாள். எனக்கு மனசே ஆறவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள்தான் வழி சொன்னார். அங்குள்ள அரசு ஆராய்ச்சிப் பண்ணையில், ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா என்ற பெண் விஞ்ஞானி 1961-ல் குளிர் தாங்கும் ரோஜாக்களை உருவாக்கும் வேலையைத் தொடங்கினாராம். ஜப்பான், கொரியா கடற்கரைகளில் வளரும் 'ருகோசா' காட்டு ரோஜா போன்ற கெட்டி ரகங்களை மற்ற ரோஜாக்களோடு மகரந்தம் சேர்த்து, முளைத்த கன்றுகளை மூடிக்கூட வைக்காமல் பனியில் விட்டுவிடுவாராம். பிழைத்ததில் நன்றாகப் பூப்பதை மட்டும் பொறுக்கி எடுப்பார். முதல் ரகம் 1968-ல் வந்தது. 'ஜான் கேபட்' என்ற கொடி ரோஜா வர 1978 ஆகிவிட்டது. அம்மாடி, என்ன பொறுமை! இந்தச் செடிகள் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே வளர்வதால், மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்குமாம்.

'ஜான் கேபட்' ஒன்றை வாங்கி, மகளும் நானும் சேர்ந்து நட்டுவிட்டு வந்தேன். இந்த மே மாதம் போன் வந்தது. "அம்மா, அடியில துளிர் விட்டிருக்கு!" அந்தக் குரலில் என் பழைய பெண்ணைக் கேட்டேன்.

தூர தேசத்தில் வாடும் மகளுக்கு, "பொறுத்துப் போ" என்று சொல்வதோடு நிறுத்தாமல், அந்த ஊரில் பிழைக்கிற செடியையும் தேடிக் கொடுப்போமே!

- ஒரு வாசகி, திருச்சி