பாதை அறிந்து வாகனம் வாங்குவோம்

சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு புதிய பிக்-அப் வாகனம் வாங்குவது குறித்த பேச்சை எங்கள் பகுதித் தேநீர்க் கடைகளில் அடிக்கடி கேட்கிறேன். எங்கள் பகுதி என்பது திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர்; சேலம் மாவட்டத்து ஆத்தூர் அன்று. பேசுவோரில் பலருடைய எண்ணம் ஒன்றாகவே இருக்கிறது: "வரியில் மிச்சமாகும் பணத்தைப் போட்டு டாப் மாடலாகவே வாங்கிவிடலாம்." இந்த எண்ணம் சரிதானா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆத்தூர் சமவெளியின் ஊர். நெல்லும் தென்னையும் கரும்பும் விளையும் வயல்கள் சூழ்ந்தது. ஆனால், அதன் மேற்கே கீழ்ப்பழனி மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. மலை மேலுள்ள ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி போன்ற ஊர்களில் காப்பி, மிளகு, மலைவாழை, சௌசௌ ஆகியவை விளைகின்றன. அவை திண்டுக்கல்லுக்கோ ஒட்டன்சத்திரம் சந்தைக்கோ இறங்கி வந்தாக வேண்டும். இம்மாவட்டத்துக்கு மழை தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்று. காப்பிப் பழம் பறிக்கும் காலமும் அந்த மழையை ஒட்டியே வருகிறது. பாதை மிகவும் சேறாக இருக்கும் நாள்களில்தான் வண்டிக்கு வேலையும் மிகுதி. சிறுமலையில் வாகனம் ஏற முடியாத சரிவுகளிலிருந்து வாழைத்தார்களைக் குதிரைகள் சுமந்து வருவதைத் திண்டுக்கல்காரர்கள் அறிவார்கள். குதிரைக்கும் தார்ச்சாலைக்கும் இடைப்பட்ட கரடுமுரடான தொலைவைத்தான் பிக்-அப் கடக்க வேண்டியிருக்கிறது.

ஒரே வாகனத்தை நிறுவனங்கள் மூன்று, நான்கு தரநிலைகளில் விற்கின்றன. அடிப்படைத் தரநிலையில் தேவையானவை மட்டும் இருக்கும். மேலே செல்லச் செல்ல அலாய் சக்கரம், தொடுதிரை, தோல் இருக்கை, பளபளக்கும் குரோமியப் பட்டை என ஒவ்வொன்றாகச் சேரும். இதில் பிழையில்லை. ஆனால், பாதைக்குத் தேவையானதும் கண்ணுக்கு அழகானதும் ஒரே பொட்டலத்தில் கட்டித் தரப்படும்போது, எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பது வாங்குபவருக்கே தெரியாமல் போகிறது.

இதற்கு நான் சொல்லும் அளவுகோல் எளியது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வசதியையும் பார்த்து, "இதைப் பின்னாளில் வெளியே வாங்கிப் பொருத்த முடியுமா?" என்று கேட்க வேண்டும். தொடுதிரையைப் பொருத்தலாம், இருக்கை உறையை மாற்றலாம், பனிமூட்ட விளக்கையும் பின்பக்கக் கேமராவையும் சேர்க்கலாம், டயரை மாற்றலாம். ஆனால், நான்கு சக்கர இயக்கம், டிபரன்ஷியல் பூட்டு, கேபினின் அளவு, காற்றுப்பை, பிரேக் அமைப்பு ஆகியவை தொழிற்சாலையிலேயே வந்தாக வேண்டியவை. முதல் வகைக்காக டாப் மாடலுக்குத் தாவுவது வீண். இரண்டாம் வகையில் ஒன்றை விட்டுவிட்டுப் பணத்தை மிச்சம் பிடிப்பது ஆபத்து.

முதலில் நான்கு சக்கர இயக்கத்தைப் பார்ப்போம். நம் ஊர்ப் பிக்-அப்களில் பெரும்பாலானவை பின்சக்கரங்களால் மட்டுமே உந்தப்படுபவை. சுமை ஏற்றியிருக்கும்போது பின்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்கும். தோட்டத்துக்கு வெறும் வண்டியாக ஏறும்போதுதான் பின்பகுதி எடையின்றி, ஈர மண்ணில் சக்கரம் வழுக்கிச் சுழலும். சுமையோடு இறங்கிய அதே பாதையில் சுமையின்றி ஏற முடியாமல் வண்டி தவிப்பதற்குக் காரணம் இதுவே. நான்கு சக்கர இயக்கத்தோடு வரும் குறைவேகப் பல்லிணை, வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்குகிறது. ஏற்றத்தில் மட்டுமல்ல, இறக்கத்திலும் அது உதவும். பிரேக்கை ஓயாமல் மிதித்துச் சூடேற்றாமல், எஞ்சினின் பிடியிலேயே வண்டியை மெல்ல இறக்கலாம்.

டிபரன்ஷியல் பூட்டின் பயன் வேறு. பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், சாதாரண டிபரன்ஷியல் அந்தச் சக்கரத்தையே வீணாகச் சுழற்றிக் கொண்டிருக்கும். தரையில் நிற்கும் சக்கரம் அசையாது. பூட்டைப் போட்டால் இரண்டும் சேர்ந்து சுழலும். வண்டி வெளியே வரும்.

இவை எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. நான்கு சக்கர இயக்கம் வண்டியின் எடையைக் கூட்டும். எரிபொருளும் பராமரிப்பும் அதற்கேற்பக் கூடும். காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டுக்கொண்டே ஓட்டினால் பல்லிணைகள் இறுகித் தேயும். சின்னாளப்பட்டிக்கும் செம்பட்டிக்கும் தார்ச்சாலையில் தேங்காய் ஏற்றிச் செல்பவருக்கு அது பயன்படாத ஆயுதம். ஆண்டில் எத்தனை நாள் தார்ச்சாலையை விட்டு இறங்குகிறோம், எத்தனை முறை டிராக்டரை அழைத்து வண்டியை இழுத்திருக்கிறோம் என்பதைக் கணக்கிட்டால் விடை கிடைத்துவிடும்.

தரநிலையின் பெயரை வைத்து இதை முடிவு செய்ய முடியாது என்பதற்குச் சந்தையிலேயே சான்றுகள் இருக்கின்றன. 2021-இல் இசுசு நிறுவனம் வி-கிராஸ் வாகனத்தின் 'இசட்' தரநிலையை இரு சக்கர இயக்கத்திலும் நான்கு சக்கர இயக்கத்திலும் வெளியிட்டது. பெயர் ஒன்று, மழைநாளில் நடத்தை வேறு. டொயோட்டா ஹைலக்ஸ் இதற்கு நேர்மாறானது. இந்தியாவில் அதன் அடிப்படைத் தரநிலையிலேயே நான்கு சக்கர இயக்கம் உண்டு. 2023 மார்ச்சில் அதன் விலைகள் மாற்றப்பட்டபோது, அடிப்படைத் தரநிலைக்கும் அடுத்த தரநிலைக்கும் இடையே ஏறத்தாழ 7 லட்சம் ரூபாய் வேறுபாடு இருந்தது. அத்தொகையில் பெரும்பகுதி விளக்கு, இருக்கை, குளிர்சாதனத்தின் வகை போன்றவற்றுக்கே. மேல் தரநிலைக்கு 18 அங்குலச் சக்கரம். அடிப்படைத் தரநிலைக்கு 17 அங்குலம். சக்கரம் சிறிதானால் டயரின் பக்கச்சுவர் உயரமாக இருக்கும்; கல்லில் மோதும்போது அதிர்ச்சியை அந்தச் சுவரே தாங்கும். தோட்டப் பாதைக்கு விலை குறைந்த சக்கரமே ஏற்றது.

இத்தகைய வாகனங்கள் அனைவருக்கும் எட்டுவன அல்ல. அவற்றின் அனுமதிக்கப்பட்ட சுமையும் ஒரு டன்னை எட்டுவதில்லை. எங்கள் பகுதியின் நடுத்தர உழவர் மகிந்திராவின் பொலேரோ பிக்-அப், கேம்பர் அல்லது டாடாவின் யோதா போன்றவற்றையே நாடுகிறார். 2022-இல் வந்த யோதா 2.0 வாகனத்தில் 2 டன் வரை சுமக்கும் வகை உண்டு. நான்கு சக்கர இயக்க வகையும் உண்டு. கேம்பரிலும் நான்கு சக்கர இயக்க வகை தனியே இருக்கிறது. காட்சியகத்தில் முன்னால் நிறுத்தப்பட்டிருப்பது பெரும்பாலும் அழகுத் தரநிலைதான். வேலைக்கான வகையை நாம்தான் பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி, பணத்தைவிடப் பெரிய கேள்விக்கு வருகிறேன். அந்த வண்டியில் யார் ஏறப்போகிறார்கள்?

பறிப்புக் காலத்தில் தொழிலாளர்கள் பிக்-அப்பின் பின்பகுதியில் நின்றுகொண்டு மலையேறுவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். பார்த்துப் பழகியும் விட்டோம். சரக்கு வாகனத்தின் சுமைப் பகுதியில் ஆள்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்தால், பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இல்லாத அவர்களே முதலில் தூக்கி எறியப்படுவர். சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ அல்லாமல், கட்டணமின்றிச் சரக்கு வாகனத்தில் பயணிப்போருக்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று 2002 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு விபத்து, கூலித் தொழிலாளியின் குடும்பத்தையும் வண்டி உரிமையாளரின் குடும்பத்தையும் ஒருசேரத் தெருவில் நிறுத்திவிடும்.

எனவே, நாள்தோறும் மூன்று, நான்கு பேரை அழைத்துச் செல்பவர், இரு வரிசை இருக்கை கொண்ட இரட்டைக் கேபின் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். சுமைப் பகுதி சற்றுக் குறையும், அது இழப்பன்று. பதினைந்து பேரை அழைத்துச் செல்ல வேண்டியவருக்கு எந்தப் பிக்-அப்பும் தீர்வாகாது. அவர் பயணியர் வாகனத்தைத்தான் அமர்த்த வேண்டும். இருக்கை வார் எத்தனை பேருக்கு இருக்கிறதோ, அத்தனை பேரே அந்த வண்டியின் பயணிகள்.

பாதுகாப்பில் அரசுக்கும் கடமை இருக்கிறது. புதிய பயணியர் கார்களில் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயம். சரக்கு வாகனமாகப் பதிவாகும் பிக்-அப்புக்கு அந்த விதி பொருந்தாது. 2023 அக்டோபரில் தொடங்கிய 'பாரத் என்கேப்' மோதல் சோதனையின் நட்சத்திர மதிப்பீடும் பயணியர் வாகனங்களுக்கே. புதிதாகத் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் 2025-இல் கட்டாயமாக்கப்பட்டது. அதுவும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடை கொண்டவற்றுக்குத்தான். ஆக, சிறு பிக்-அப் ஓட்டுநரின் உயிரும் உடல்நலமும் அவருடைய முதலாளி எந்தத் தரநிலையை வாங்குகிறார் என்பதைப் பொறுத்ததாக இருக்கின்றன. காரில் செல்பவரின் தலைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பிக்-அப் ஓட்டுபவரின் தலைக்கும் கிடைக்க வேண்டும். சிறு சரக்கு வாகனங்களுக்கும் காற்றுப்பையைக் கட்டாயமாக்குவதும், மோதல் சோதனையை விரிவுபடுத்துவதும் காலத்தின் தேவை.

அதுவரை பொறுப்பு வாங்குபவரிடமே இருக்கிறது. காற்றுப்பையும் ஏ.பி.எஸ். பிரேக்கும் எந்தத் தரநிலையில் தொடங்குகின்றன என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அந்தத் தரநிலைக்குக் கீழே இறங்காதீர்கள். சித்திரை வெயிலில் நாளெல்லாம் ஓடும் வண்டிக்குக் குளிர்சாதனமும் ஆடம்பரமன்று. களைத்துக் கண்ணயரும் ஓட்டுநர் எல்லோருக்கும் ஆபத்து. உங்கள் சுமையை எடை போட்டுப் பார்த்து, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் அடங்கும் வகையை வாங்குங்கள். பின்னால் பொருத்தும் இரும்புக் கம்பியும் கூரைச் சட்டமும் அந்த அளவிலிருந்தே கழியும் என்பதையும் மறக்க வேண்டாம். முடிந்தால், முன்பணம் கட்டும் முன் அந்த வண்டியை உங்கள் தோட்டத்துப் பாதையிலேயே ஒருமுறை வெறுமையாக ஏற்றிப் பாருங்கள். தார்ச்சாலையில் ஓட்டிப் பார்ப்பது எதையும் சொல்லாது.

வரிக்குறைப்பால் மிச்சமாகும் தொகை சிறிதன்று. அதைக் குரோமியப் பட்டைக்குக் கொடுக்கலாம். நல்ல டயருக்கும் கூடுதலாக ஒரு வரிசை இருக்கைக்கும் காற்றுப்பைக்கும் கொடுக்கலாம். முதலாவது, ஊரார் கண்ணுக்கு ஒரு வாரம் அழகாக இருக்கும். இரண்டாவது, வண்டி ஓடும் காலமெல்லாம் ஆள்களையும் விளைச்சலையும் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்.