வைஃபை பெட்டியைக் கூடவே கொண்டுபோகலாமா?

அமெரிக்காவுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்களுக்கு மிக்சி விஷயத்தில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இங்கே 230 வோல்ட்டில் ஓடும் மோட்டார் அங்கே 120 வோல்ட்டில் திணறும் என்பது தெரியும். ‘110 வோல்ட் மாடல் இருக்கா?’ என்று கேட்டு வாங்கித்தான் பெட்டியில் வைக்கிறார்கள். வைஃபை ரவுட்டருக்கு மட்டும் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கையடக்கமான பொருள், எடையும் அதிகமில்லை, புடவைகளுக்கு நடுவே செருகிவிடலாம். திரும்பி வருகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். நியூஜெர்சியிலோ டல்லாஸிலோ இருநூறு டாலர் கொடுத்து வாங்கியதை விட்டுவிட்டு வர மனம் வருமா?

கொண்டுபோன பெட்டி புது ஊரில் வேலை செய்யுமா என்றால், பெட்டியின் ஒரு பாதி செய்யும், இன்னொரு பாதி செய்யாது. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால் பெட்டி கட்டும் வேலை சுலபம்.

பலரும் முதலில் பயப்படுவது மின்சாரத்தைப் பார்த்து. உண்மையில் தொல்லை குறைவானது அதுதான். ரவுட்டரின் அடாப்டரைத் திருப்பி, ‘இன்புட்’ என்ற இடத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் ஜப்பானின் 100 வோல்ட்டிலும் ஓடும், லண்டனின் 230 வோல்ட்டிலும் ஓடும். இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலானவை இந்த ரகம். உள்ளே செப்புக்கம்பி சுற்றிய, கையில் எடுத்தால் கனக்கும் பழைய அடாப்டர்தான் ஒரே வோல்ட்டேஜுக்கு என்று செய்யப்பட்டது. அதை இங்கேயே விட்டுவிடலாம். பிளக்கின் கால்கள் ஊருக்கு ஊர் வேறு. சிங்கப்பூர், மலேசியா, துபாய், பிரிட்டன் எல்லாம் பட்டையான மூன்று கால். அமெரிக்காவில் தட்டையான இரண்டு கால். ஜெர்மனியில் உருண்டையான இரண்டு கால். மாற்று பிளக் ஒன்று போதும். அடாப்டரே தொலைந்துபோனால், அதே வோல்ட் உள்ளதாக, ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். பிளஸ் உள்முனையிலா வெளிமுனையிலா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கரண்ட் போனால் வைஃபை நிற்காமலிருக்க வாங்கிய சின்ன யுபிஎஸ்ஸையும் எடுத்துப்போவதானால், அதில் லித்தியம் பேட்டரி இருக்கும் என்பதால் செக்-இன் பெட்டியில் போடாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது லைன். பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நம் ஊரில் இணைய இணைப்பு கொடுக்க வருகிறவர் சுவரில் ஒரே ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார். நாமும் அதை மோடம் என்கிறோம், ரவுட்டர் என்கிறோம், வைஃபை பாக்ஸ் என்கிறோம். உள்ளே இருப்பது இரண்டு கருவிகள். ஒன்று, ஃபைபரில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றும் ஓஎன்டி. மற்றது, அந்த இணைப்பை வீட்டிலுள்ள போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் பங்கு வைத்து வைஃபையாகப் பரப்பும் ரவுட்டர். ஓஎன்டியின் வரிசை எண் இணைய நிறுவனத்தின் கருவியில் பதிவாகியிருக்கும். பதிவில் இல்லாத எண்ணோடு வரும் பெட்டிக்கு அங்கிருந்து பதில் வராது. அதே தெருவில் வேறு நிறுவனத்துக்கு மாறினாலே பழைய பெட்டி பெரும்பாலும் பயன்படுவதில்லை. டொரொண்டோவில் எப்படிப் பயன்படும்? அதோடு, பல வீடுகளில் அந்தப் பெட்டி நமக்குச் சொந்தமே இல்லை. டெபாசிட் வாங்கிக்கொண்டோ இலவசம் என்று சொல்லியோ நிறுவனம் கொடுத்து வைத்தது அது.

ஒரே ஃபைபர் போலத் தெரிந்தாலும் உள்ளே பேசும் முறை நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவில் பெரும்பாலும் ஜிபான் என்ற முறை. 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியில் தகவல் வீட்டுக்கு வரும், 1310இல் திரும்பிப் போகும். ஜப்பானின் பெரிய நிறுவனம் பல காலமாக வைத்திருப்பது ஈதர்நெட்டை அடிப்படையாகக் கொண்ட வேறொரு முறை. இரண்டு பெட்டிகளும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது.

அமெரிக்காவில் ஃபைபர் போகாத வீடுகளில் பெரும்பாலும் கேபிள் டிவி வயரிலேயே இணையம் வருகிறது. அதற்கான தரம் டாக்சிஸ். அங்கே வாடிக்கையாளரே மோடம் வாங்கிக்கொள்ளலாம், நிறுவனம் ஒப்புக்கொண்ட பட்டியலில் அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். சொந்தக் கருவி வைத்திருப்பவரிடம் வாடகை வசூலிக்கக் கூடாது என்று 2019இல் சட்டமே வந்தது. 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாத வாடகையை மிச்சம் பிடிக்கலாமே என்று நம்மவர்கள் பலரும் சொந்த மோடம் வாங்குகிறார்கள், அது நல்ல கணக்குதான். ஆனால் ஊர் திரும்பும்போது அந்த மோடத்தைச் சுமந்து வருவது வீண். நம் ஊரில் கேபிள் வயரில் டாக்சிஸ் முறையில் இணையம் தந்த நிறுவனங்கள் சில உண்டு. இன்று சென்னையிலோ கோவையிலோ புதிதாகக் கிடைக்கும் இணைப்பு அநேகமாக ஃபைபர்தான். அந்த மோடத்தின் திருகு மூக்கில் மாட்ட ஒன்றும் இருக்காது. அங்கேயே யாருக்காவது விற்றுவிடுங்கள்.

படிக்கவும் வேலைக்கும் ஜெர்மனி போகிறவர்கள் இப்போது அதிகம். அங்கே தொலைபேசிக் கம்பி வழி வரும் டிஎஸ்எல் இன்னும் பரவலாக இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய பிராட்பேண்ட் மோடம் உதவுமா என்று கேட்பவர்கள் உண்டு. உதவாது. நம் ஏடிஎஸ்எல் மோடம்கள் சாதாரணத் தொலைபேசிக் கம்பிக்காகச் செய்யப்பட்டவை. ஜெர்மனியோ கம்பியின் கீழ் அலைவரிசைகளை ஐஎஸ்டிஎன் தொலைபேசிக்கு ஒதுக்கிவிட்டு, இணையத்தை அதற்கு மேலே தள்ளி வைத்தது. ஒரே தரத்தின் இரண்டு கிளைகள்தான், ஆனாலும் ஒன்றோடொன்று சேராது. இத்தனைக்கும் விரும்பிய கருவியைப் பயன்படுத்தும் உரிமையை மிகத் தெளிவாக எழுதி வைத்த நாடு அது. 2016 ஆகஸ்ட் 1 முதல், இந்தப் பெட்டியைத்தான் மாட்ட வேண்டும் என்று எந்த நிறுவனமும் அங்கே கட்டாயப்படுத்த முடியாது. உரிமை இருந்தாலும், கருவி அந்த லைனுக்கு ஏற்றதாக இருந்தாக வேண்டும்.

சிம் கார்டு போடும் 4ஜி ரவுட்டர்கள் கதை சற்று வேறு. ஜியோவின் 4ஜி ஓடுவது 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைகளில். இதில் 1800 ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் புழங்குவது. அதனால் பூட்டு இல்லாத இந்திய ரவுட்டர் அங்கெல்லாம் ஓரளவு ஒத்துழைக்கும். அமெரிக்க நிறுவனங்கள் 4ஜிக்கு 1800ஐப் பயன்படுத்துவதில்லை, 700, 1900 என்று அவர்கள் வழி தனி. ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டி விற்கப்பட்ட கருவியாக இருந்தால் எந்த நாட்டிலும் பேச்சே இல்லை.

மிச்சமிருப்பது வைஃபை. யாரும் நினைத்துப் பார்க்காத சிக்கல் இதில்தான் இருக்கிறது. வைஃபை என்பது வானொலி. வீட்டுக்குள் ஒரு சிறிய ஒலிபரப்பு நிலையத்தை நடத்துகிறோம். அது எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியோடு ஒலிபரப்பலாம் என்பதை ஒவ்வொரு நாட்டு அரசும் தனித்தனியாக முடிவு செய்கிறது.

எளிய உதாரணம் 2.4 கிகாஹெர்ட்ஸ். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இதில் 13 சேனல்கள். அமெரிக்காவில் விற்கும் கருவிகள் வழக்கமாக 11உடன் நிறுத்திக்கொள்ளும். இதன் விளைவு வேடிக்கையானது. சென்னை வீட்டு ரவுட்டர் தானாகவே 13ஆம் சேனலைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் உள்ள எல்லா போனிலும் வைஃபை வரும், அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பிரிண்டருக்கு மட்டும் அப்படியொரு வைஃபை இருப்பதே தெரியாது. பிரிண்டர் பழுது என்று மெக்கானிக்கைத் தேடுவார்கள். ரவுட்டரின் அமைப்பில் சேனலை 1, 6, 11இல் ஏதாவது ஒன்றுக்கு மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது.

5 கிகாஹெர்ட்ஸில் விஷயம் கொஞ்சம் கனமானது. இந்தியா 2018 அக்டோபரில் 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இதன் மேல்பகுதியில் இருக்கும் 149 முதல் 165 வரையிலான சேனல்கள் நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன. ஜப்பானில் வைஃபைக்கு அவற்றுக்கு அனுமதி இல்லை. ஐரோப்பாவில் மிகக் குறைந்த சக்தியில் மட்டும். இங்கே வாங்கிய ரவுட்டரை டோக்கியோவில் அப்படியே ஓட்டினால், தெரியாமலேயே சட்டத்தை மீறுகிறோம்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மழையையும் காற்றையும் கணிக்கும் வானிலை ரேடார்கள் பல நாடுகளில் இதே 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் இயங்குகின்றன. அமெரிக்க விமான நிலையங்களின் ரேடார்களுக்கு இடம் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ். போர்ட்டோ ரிக்கோவின் சான் வான் நகர ரேடாரில் 2009இல் இடையூறு தெரிந்தது. காரணத்தைத் தேடியபோது அகப்பட்டவை இதே 5 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா இணையக் கருவிகள். இதைத் தடுப்பதற்காகவே, ரேடார் புழங்கும் சேனல்களில் ரவுட்டர் முதலில் ஒரு நிமிடமாவது காதுகொடுத்துக் கேட்டு, ரேடார் இல்லை என்று உறுதியான பிறகே ஒலிபரப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. நடுவில் ரேடார் கேட்டால் விலகிவிட வேண்டும். ரவுட்டரை ஆன் செய்து சிறிது நேரம் 5 கிகா பெயர் தெரியாமலிருப்பதைப் பழுது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ரவுட்டரில் ‘நாடு’ என்ற தேர்வு இருப்பது இதற்குத்தான். அதைக் கிண்டி, வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்தால் சிக்னல் கூடும் என்று யோசனை சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கு வாய்ப்பு வைத்து ரவுட்டர் விற்றதற்காக டிபி-லிங்க் நிறுவனம் 2016இல் அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு 2 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே விற்கும் ரவுட்டர்கள் பலவற்றில் நாட்டை மாற்றும் வசதியே கிடையாது. அப்படிப்பட்டதை ஊருக்குக் கொண்டுவந்தால் 12, 13 சேனல்கள் கிடைக்காது, வேறு பெரிய குறை இருக்காது. 6 கிகாஹெர்ட்ஸ் மட்டும் விதிவிலக்கு. அமெரிக்கா 2020இல் 5925 முதல் 7125 வரை முழுவதையும் வைஃபைக்குத் திறந்துவிட்டது. இந்தியாவோ அதன் கீழ்ப்பகுதியான 6425 வரைக்கு மட்டும், அதுவும் குறைந்த சக்தியில் என்று, 2025 மே மாதம் வரைவு விதிகளை வெளியிட்டது. ஆகவே அமெரிக்க ரவுட்டரை இங்கே ஓட்டும்போது 6 கிகாவை அணைத்து வைப்பதே முறை. 5 கிகாவே நம் வீட்டு இணைப்பின் வேகத்துக்குத் தாராளம்.

எந்தக் கருவியையும் இப்படி விளையாட்டாக எடுத்து வரலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சாட்டிலைட் போனை அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம்; தெரியாமல் எடுத்து வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். ஸ்டார்லிங்க் தட்டும் செயற்கைக்கோளோடு பேசும் கருவிதான். இலங்கையில் அந்தச் சேவை 2025 ஜூலையில் தொடங்கிவிட்டது. இந்தியாவில் அந்த நிறுவனத்துக்கு 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது. நிறுவனத்துக்கு உரிமம் வந்துவிட்டது என்பதால், வெளிநாட்டில் வாங்கிய தட்டை யாரும் மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது.

இன்னொரு வீண் நம்பிக்கையும் உண்டு. அமெரிக்க ரவுட்டர் என்பதால் இங்கேயும் அமெரிக்க ஓடிடி படங்கள் தெரியும், இந்திய ரவுட்டர் என்பதால் துபாயில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யும் என்பது. ஐபி முகவரியைத் தருவது லைன், பெட்டி அல்ல. வாட்ஸ்அப் அழைப்பைத் தடுப்பதும் அந்த ஊர் நெட்வொர்க்தான். ரவுட்டரில் விபிஎன் போட்டுவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் அமீரகச் சட்டத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்பட்டும். ஐபி முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் அங்கே சிறையோ, குறைந்தது 5 லட்சம் திர்ஹாம் அபராதமோ காத்திருக்கிறது.

என்னைக் கேட்டால், மலிவு ரவுட்டர் எதையும் சுமக்க வேண்டாம். போகும் ஊரிலேயே கிடைக்கும், அந்த ஊர் விதிப்படியும் இருக்கும். நல்ல விலை கொடுத்து வாங்கிய தனி ரவுட்டர் என்றால், பின்பக்கம் ‘வேன்’ என்று எழுதிய துளை இருக்கிறதா, அமைப்பில் நாட்டை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் தாராளமாகக் கொண்டுபோகலாம். புது ஊரில் நிறுவனம் தரும் பெட்டியிலிருந்து ஒரு லேன் கேபிளை அந்தத் துளையில் செருகினால் போதும். சில நிறுவனங்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். இணைப்பு எடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டு பெட்டிகளும் ரவுட்டர் வேலை பார்த்தால் வீடியோ கேமும் கேமராவும் மக்கர் செய்யும். நிறுவனத்தின் பெட்டியை ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், முடியாதென்றால் உங்களுடையதை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறையில் வையுங்கள். பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்துவிட்டால் போன், டிவி எல்லாம் கேள்வி கேட்காமல் இணைந்துகொள்ளும்.

நிறுவனம் கொடுத்த பெட்டியை மட்டும் கிளம்பும் முன் ரீசெட் செய்து, அடாப்டரோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவசரத்தில் அதை அலமாரியிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறியவர்களுக்கு, திருப்பித் தராத கருவிக்கான கட்டணம் மின்னஞ்சலில் பின்னாலேயே வந்து சேர்கிறது. கொடுத்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.