பல்கலைக்கழகத்திற்கு வந்த திமிங்கிலம்

சிங்கப்பூரின் பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில், 42 அடி நீளமுள்ள திமிங்கில எலும்புக்கூடு ஒன்று 1907ஆம் ஆண்டு முதல் தொங்கிக்கொண்டிருந்தது. 1892இல் மலாக்காவின் அருகே கரை ஒதுங்கிய திமிங்கிலம் அது. 1974இல் அதனை மலேசியாவுக்கு வழங்கிவிட்டனர். அதைக் கண்டு வியந்த சிறுவர் பலர் முதியோரான பின்னும் அதனை மறக்கவில்லை.

அரும்பொருளகத்தின் உயிரினத் தொகுப்போ பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்து சேர்ந்தது. அதற்கென, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் 2015 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மூன்று பெரிய டைனோசர் எலும்புக்கூடுகள் அங்கு நின்றன, திமிங்கிலந்தான் இல்லை.

அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள், ஜூரோங் தீவின் அருகே 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் திமிங்கிலம் ஒன்று இறந்து மிதந்தது. ஸ்பெர்ம் திமிங்கிலம் எனப்படும் இவ்வினம் அதற்குமுன் சிங்கப்பூர்க் கடலில் காணப்பட்டதில்லை. ஆய்வாளர்கள் அழுகிய சதையை அகற்றி எலும்புகளைத் தூய்மை செய்தனர். (அந்த நாற்றத்தை நாம் எண்ணிப் பார்ப்பதே போதும்!) முதுகில் பெருங்காயம் இருந்தது, கப்பல் மோதியிருக்கலாம் என்று கருதினர்.

வயிற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணவாய் அலகுகள் கிடைத்தன. கணவாயின் மெல்லிய உடல் செரித்துவிடும். கிளிமூக்குப் போன்ற கடினமான அலகு எளிதில் செரிப்பதில்லை. ஆகவே, திமிங்கிலம் எவ்வகைக் கணவாய்களை உண்டது என்பதை அலகுகளைக் கொண்டே அறியலாம். அவற்றோடு பிளாஸ்டிக் குவளையும் உணவுப் பொட்டல உறையும் கிடந்தன. அவை கடலில் விளைந்தவை அல்லவே!

நாட்டின் பொன்விழா ஆண்டில் கிடைத்த அதற்கு ‘ஜூபி லீ’ எனப் பெயரிட்டு, 2016 மார்ச்சில் எலும்புக்கூட்டைக் காட்சிக்கு வைத்தனர்.